பிறந்த வீட்டுக் கோடி

மலர்க்கொடி கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பாதி வழியில் அப்படித் தோன்றக்கூடும். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரையை ஒட்டிய தெருவில், வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறாள். சொன்ன தேதிக்கு ஜாக்கெட் தைத்துத் தருகிறவர்களை இந்த ஊரில் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். மலர்க்கொடி தருவாள். மிச்சத் துணியையும் மடித்துத் திருப்பித் தருவாள். தெருவில் சாவு விழுந்தால் முதல் காபி அவள் வீட்டிலிருந்துதான் போகும். என்ன ஒன்று, செய்ததை நாலு பேர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அன்றைக்குத் தையல் மிஷின் கொஞ்சம் கோபமாகவே ஓடும்.

துறையூர்ப் பக்கம் வெங்காயமும் பருத்தியும் போடுகிற வீட்டில் பிறந்தவள். கட்டிக்கொண்டது காந்தி மார்க்கெட்டில் லோடு வண்டி ஓட்டிய அழகிரியை. அழகிரிக்குப் படிப்பு இல்லை, சொத்து இல்லை, ஆனால் வாய் இருந்தது. அந்த வாய் முழுக்கப் பெண்டாட்டி புராணம்தான். ஏதாவது கல்யாணத்துக்குப் போனால் மேடையைக் காட்டி, “பொண்ணு போட்டிருக்கிற ஜாக்கெட்டைப் பாத்தீங்களா, நம்ம வீட்டு ஐட்டம்” என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லிவிடுவான். அவள் தொடையில் கிள்ளுவாள். அவன் அடுத்த நாற்காலிக்குத் திரும்பிவிடுவான்.

அப்படிப்பட்ட மனிதன் ஒருநாள் காலை, மூட்டை ஏற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. ரெண்டு வருஷம் ஆகிறது.

அதற்குப் பிறகும் தெருக் கல்யாணங்களுக்கு ஜாக்கெட் அவள்தான் தைத்தாள். ஆனால் பத்திரிகை கொடுக்க வருகிறவர்களின் பேச்சு மாறிப்போனது. “மலரு, முகூர்த்தத்துக்கெல்லாம் அலைய வேண்டாம், சாப்பாட்டுக்கு வந்துடு” என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அவள் தைத்த ஜாக்கெட் மேடையில் இருக்கும், அவள் பந்தியில் இருப்பாள். வயிறு எரியாதா? எரிந்தது. வெளியில் சிரித்துக்கொண்டாள்.

கருமாதியன்று அவளுக்குக் கோடி போட்டார்கள். புருஷனை இழந்தவளைக் கூடத்தில் உட்காரவைத்து, உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து ஒரு புதுப் புடவையை மேலே போர்த்தி, கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போவார்கள். அந்தப் புடவைக்குத்தான் கோடி என்று பெயர். பிறந்த வீட்டுக் கோடி முதலில் விழ வேண்டும். முன்பெல்லாம் வெள்ளை, இப்போது கலரில்தான் போடுகிறார்கள். அண்ணன் துறையூரிலிருந்து கொண்டுவந்தது அரக்கு நிறப் பட்டு, மஞ்சள் பார்டர். தங்கச்சி வெள்ளை கட்டக் கூடாது என்கிற பாசத்தில் வாங்கியது. பாவி மனுஷன், கல்யாணத்துக்கு எடுத்த மாதிரி எடுத்துவந்துவிட்டான். மலர்க்கொடி அந்தப் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தினாள். எதிர்வீட்டு ரெங்கம்மாள்தான் அவளைத் தூக்கி நிறுத்தி, புடவையை மடித்து வைத்தாள்.

அந்தப் புடவைகளெல்லாம் பீரோவின் அடித்தட்டுக்குப் போயின. கட்ட மனசு வரவில்லை. கட்டினால் அழகிரி செத்தது நிஜமாகிவிடும் என்பது போல ஒரு பயம். தூக்கிப் போடவும் கை வரவில்லை. ஒருநாள் மகள் அனுசுயா, தில்லைநகரில் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறவள், தோழியின் ரிசப்ஷனுக்குக் கிளம்பும் அவசரத்தில் அந்த அரக்குப் புடவையை உருவித் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். மலர்க்கொடி அடுப்படியிலிருந்து ஓடிவந்து வெடுக்கென்று பிடுங்கினாள்.

“அறிவிருக்காடி உனக்கு? கல்யாணம் ஆகவேண்டிய பொண்ணு கோடிச் சேலையைத் தோள்ல போடுவியா?”

அனுசுயாவின் தலையை உப்பு மிளகாயால் சுற்றி அடுப்பில் போட்ட பிறகுதான் மலர்க்கொடிக்கு மூச்சு வந்தது.

இதெல்லாம் தெரிந்தால்தான் மேற்கொண்டு நடந்தது புரியும்.

இந்தப் பங்குனியில் பச்சமலையில் தீப்பிடித்தது. காய்ந்து கிடந்த காடு, காற்று வேறு. நெல்லிக்கொம்பை என்கிற சின்ன ஊரில் முந்திரித் தோப்போடு சேர்த்து வீடுகளும் போய்விட்டன. உயிர்ச்சேதம் இல்லை, அந்த மட்டும் புண்ணியம். ஊர்ச் சனத்தை இறக்கி உப்பிலியபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கவைத்திருந்தார்கள். டிவியில் பார்த்து உச்சுக் கொட்டிக்கொண்டிருந்த தெருவை எழுப்பியது பாசில்தான். முக்கில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிற பையன். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த வருஷம் வீடு வீடாகத் தட்டி எல்லோரையும் கிளப்பிக் கொண்டுபோனவன் அவன். அதிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஒரு பை தயாராகத் தொங்க வேண்டும் என்பது அவன் சட்டம். ரேஷன் கார்டு, மாத்திரை, டார்ச், ஒரு மாற்றுத்துணி. வருஷத்துக்கு ஒருதடவை வந்து பையைப் பிரித்துப் பார்த்து, பழைய மாத்திரையைத் திட்டிக்கொண்டே எடுத்துப் போடுவான்.

“அக்கா, மலையிலேருந்து வந்தவங்க கட்டின துணியோட வந்திருக்காங்க. உடுத்தற மாதிரி இருந்தா மட்டும் குடுங்க. கிழிசலைக் கொண்டுவந்தீங்கன்னா உங்க வீட்டு வாசல்லயே போட்டுட்டுப் போயிடுவேன்” என்றான்.

அவன் சொன்னது மலர்க்கொடிக்குச் சுருக்கென்றது. வெள்ளத்தின்போது அவர்களும் பள்ளிக்கூடத்தில் தங்கியவர்கள்தானே. எங்கிருந்தோ வந்த துணி மூட்டையிலிருந்து அவள் கைக்குக் கிடைத்தது அக்குள் கிழிந்த நைட்டி. “குப்பையைக் கொட்ட இடம் தேடியிருக்கான்” என்று அழகிரி அதை ஜன்னல் வழியாக எறிந்தான். கொடுத்தால் புதுசாகக் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கே அவள் சபதம் போட்டிருந்தாள்.

புதுசு எங்கே இருக்கிறது? பீரோவின் அடித்தட்டில் இருக்கிறது.

அதன் முன்னால் அவள் கொஞ்ச நேரம் நிற்கத்தான் செய்தாள். அதைச் சொல்லாமல் விடக் கூடாது. தெரியாமல் செய்தாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. லேபிள்கூடப் பிரிக்காத புடவைகள். நல்ல துணி. கண்ணில் படாமல் போனால் தனக்கும் நிம்மதி. மலைக்காரர்களுக்குத்தானே போகிறது, அவர்களுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தாள். நினைத்ததும் பாரம் இறங்கிவிட்டது. அத்தனையையும் அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

பாசிலின் கடை வாசலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ரெங்கம்மாள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அரக்குப் புடவை வந்ததும் அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி, “பாருங்கடி, குடுத்தா மலரு மாதிரி குடுக்கணும். பட்டுப் புடவைடி, பட்டு!” என்றாள். பாசில் போட்டோ எடுத்துத் தெரு வாட்ஸப் குரூப்பில் போட்டான். கும்பிடு பொம்மைகள் குவிந்தன. மலர்க்கொடி அன்றைக்கு மிஷினில் உட்காராமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பாசில் உப்பிலியபுரத்திலிருந்து கூப்பிட்டான். “அக்கா, சேலை மலை மாதிரி வந்து கிடக்கு. ஜாக்கெட் ஒண்ணுகூட ஒருத்தருக்கும் பொருந்தலை. பொம்பளைங்க குறுகிப்போய் உக்காந்திருக்காங்க. நீங்க மிஷினோட வந்தாத்தான் ஆகும்.”

இதைவிட என்ன வேண்டும் அவளுக்கு? மிஷினை வேனில் ஏற்றிக்கொண்டு போய், மண்டபத்தில் மணமகள் அறை வாசலில் போட்டு உட்கார்ந்தாள். அளவெடுப்பதும் வெட்டுவதும் தைப்பதுமாகப் பொழுது போனதே தெரியவில்லை. அவள் கொடுத்த புடவைகளே கண்ணெதிரில் நடமாடின. சித்தி போட்ட பச்சை ஒருத்தி இடுப்பில், நாத்தனார் போட்ட ஊதா இன்னொருத்தி தோளில். முதலில் பார்த்தபோது கண்ணைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, இவர்கள் சந்தோஷமாகத்தானே இருக்கிறார்கள் என்று மனசைத் தட்டித் தூங்கவைத்தாள். அவற்றுக்கும் ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். “டெய்லரக்கா, டெய்லரக்கா” என்று எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ரெண்டு வருஷமாக யாரும் அவளை இப்படிச் சுற்றி வந்ததில்லை.

அவர்களில் செல்லாயி என்பவள் ரொம்ப ஒட்டிக்கொண்டாள். கலகலப்பான பேச்சு. எரிந்துபோன வீட்டைப் பற்றிச் சொல்லும்போதுகூடக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். “தீ வருது, ஓடுங்கன்னு வந்து கத்துறாங்க. எதை எடுக்கறது சொல்லுங்க? எங்க ஊட்டுக்காரரு ஆட்டைப் புடிச்சிக்கிட்டு ஓடுறாரு. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலை.” எல்லோரும் சிரித்தார்கள். “நீங்க என்ன எடுப்பீங்க, டெய்லரக்கா?”

மலர்க்கொடி கதவுக்குப் பின்னால் தொங்கும் பையைப் பற்றிச் சொன்னாள். ரேஷன் கார்டு, அழகிரியின் போட்டோ, கத்திரிக்கோல்.

“நல்லதுக்கா. எங்களுக்கு அப்பிடி ஒரு பை மாட்டி வைக்கணும்னு தோணலையே” என்றாள் செல்லாயி. “தோணியிருந்தா எம் பொண்ணு கல்யாணச் சேலையாச்சும் மிஞ்சியிருக்கும்.”

அவள் மகள் பானுப்ரியாவுக்கு அந்த வாரமே கல்யாணம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையும் அதே ஊர். ரெண்டு குடும்பமும் ஒரே மண்டபத்தில் பாய் விரித்துக் கிடந்தன. தள்ளிப்போடலாமா என்று பெரியவர்கள் யோசித்தபோது செல்லாயிதான், “நாம தங்கியிருக்கிறதே கல்யாண மண்டபம். இன்னும் என்ன வேணும், மோளம் மட்டும்தான் பாக்கி” என்று சொல்லி முடித்துவிட்டாளாம். வாய்க்காரி.

அன்று சாயங்காலம் செல்லாயி மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். பானுப்ரியாவின் நெஞ்சோடு அணைத்திருந்தது அரக்கு நிறப் பட்டு, மஞ்சள் பார்டர்.

“மூட்டை பிரிச்ச அன்னைக்கே இதை எடுத்து ஒளிச்சு வச்சுக்கிட்டாக்கா. இதைத்தான் கட்டுவாளாம். ஜாக்கெட்டு நீங்கதான் தைக்கணும். அப்புறம், இது நீங்க குடுத்த சேலைன்னு பாசில் தம்பி போட்டோவுல காட்டுச்சு. முகூர்த்தத்துல நீங்களே உங்க கையால எடுத்துக் குடுக்கணும்.”

“நான் எடுத்துக் குடுக்கக் கூடாது, செல்லாயி. எனக்கு அவர் இல்ல.”

“அட போங்கக்கா! ஊடே எரிஞ்சுபோச்சு, இதுக்கு மேலயா ஒரு கெட்டது வரப்போவுது? முன்ன பின்ன தெரியாதவங்களுக்குப் பட்டுச் சேலை குடுத்த கை. அந்தக் கையால குடுத்தா எம் பொண்ணு நல்லா இருப்பா.”

ரெண்டு வருஷமாக எந்த வார்த்தைக்கு ஏங்கினாளோ அந்த வார்த்தை. அது வந்த நேரத்தைப் பாருங்கள். மலர்க்கொடி தலையை ஆட்டிவிட்டு டேப்பை எடுத்துப் பானுப்ரியாவுக்கு அளவெடுத்தாள். அந்தப் பெண் கூச்சத்தில் நெளிந்து, “கை கொஞ்சம் உப்பலா, புட்டா மாதிரி வைங்கக்கா” என்று மெதுவாகக் கேட்டாள். அனுசுயாவின் வயசுதான் இருக்கும். குறைவாகவும் இருக்கலாம்.

அவர்கள் போன பிறகு ஜாக்கெட் துணியை வெட்டுவதற்காகப் புடவையைப் பிரித்தாள். முந்தானைப் பக்கம் உள்மடிப்பில், அன்று முகம் புதைத்த இடத்தில், காய்ந்த ஈரத்தின் விளிம்பு லேசாகத் தெரிந்தது. இவ்வளவு நாளாக அவள் அதைப் பார்க்கவே இல்லை. கத்திரிக்கோலை எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள். இந்தக் கை எத்தனை கல்யாணத்துக்கு வெட்டியிருக்கும், ஒருநாளும் இப்படி மக்கர் பண்ணியதில்லை. வெட்டினால் அந்தப் பெண் இதைக் கட்டிக்கொண்டுதான் தாலிக்குக் கழுத்தை நீட்டுவாள். வெட்டாவிட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் டெய்லரக்கா என்ன ஆவாள்?

அனுசுயாவுக்குப் போன் போட்டாள். “அனு, இங்க ஒரு பொண்ணுக்குக் கல்யாணம். நம்ம குடுத்த புடவையிலதான் ஒண்ணைக் கட்டப்போறாளாம்.”

“நல்ல விஷயம்தானேம்மா. எந்தப் புடவை?”

மலர்க்கொடி மடியில் கிடந்த முந்தானையை மடிக்க ஆரம்பித்தாள்.

“அம்மா, எந்தப் புடவை குடுத்த?”

“அடித்தட்டுல இருந்தது.”

அனுசுயா, கோபமே இல்லாமல், “என் தோள்ல ஒரு நிமிஷம் இருந்ததுக்குச் சுத்திப் போட்டியேம்மா” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அடித்திருந்தால்கூட மலர்க்கொடி தாங்கியிருப்பாள்.

காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துத் துறையூருக்குப் போய், கடை திறக்கும்வரை வாசலில் நின்று, புதுப் பட்டுப் புடவை ஒன்று எடுத்துக்கொண்டு வந்தாள். கிளிப்பச்சை. உண்மையைச் சொல்லாமலே சரி பண்ணிவிடலாம் என்கிற நினைப்புதான். மனுஷ மனசு லேசில் ஒப்புக்கொள்ளுமா?

“செல்லாயி, அந்த அரக்கு வேண்டாம். சாயம் போகும் போல இருக்கு. இது கட்டட்டும்.”

செல்லாயி சிரித்தாள். “நேத்தே ஓரத்தைத் தண்ணியில நனைச்சுப் பாத்துட்டேங்க்கா. சொட்டுச் சாயம் போகலை. நாங்க என்ன துணி பாக்காதவங்களா?”

“இல்ல, பட்டு அவ்வளவு ஒசத்தி இல்ல.”

“இருக்கட்டும்க்கா. அவளுக்குப் புடிச்சிருக்கு.”

“வேண்டாம்னா கேளேன்!” மலர்க்கொடியின் குரல் உயர்ந்துவிட்டது. மண்டபத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர்கள், பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். பானுப்ரியா மிஷின்மேல் இருந்த அரக்குப் புடவையை எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டாள், யாரோ பிடுங்க வருகிறார்கள் என்பது போல. அவள் கன்னம் புடவையில் பட்டது. மலர்க்கொடி முகம் புதைத்த அதே முந்தானை.

“அது கோடி” என்றாள் மலர்க்கொடி. “என் வீட்டுக்காரர் செத்ததுக்கு எங்கண்ணன் எனக்குப் போட்ட கோடி.”

பானுப்ரியா புடவையை உடனே கீழே போடவில்லை. மெதுவாகத்தான் கையை இறக்கினாள், அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

“உங்களுக்குத் தெரிஞ்சுதான் குடுத்தீங்களா, அக்கா?” என்றாள் செல்லாயி. குரலில் பழைய ஆட்டம் இல்லை.

“தெரிஞ்சுதான்.”

“இது மட்டுமா?”

மலர்க்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். பச்சை கட்டியிருந்தவள் தன் இடுப்பைப் பார்த்தாள். ஊதா கட்டியிருந்தவள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். அவளுக்கு அருகில் ஒரு கிழவி, “என்னடி சொல்லுது அந்தப் பொண்ணு?” என்று கேட்டாள். யாரோ காதில் சொன்னார்கள். கிழவி வாயில் கையை வைத்துக்கொண்டாள். வெள்ளம், கிழிந்த நைட்டி, புதுசாகக் கொடுக்கும் சபதம் என்று எவ்வளவோ காரணம் மலர்க்கொடியிடம் இருந்தது. ஒன்றுகூட வாயில் வரவில்லை. வந்திருந்தால்தான் கேவலம்.

“எங்க ஊட்டுலயும் கோடி உண்டுங்க்கா” என்றாள் செல்லாயி. “யாரு மேல விழுந்துச்சோ அவங்கதான் கட்டித் தீக்கணும். நாங்க அழுதுக்கிட்டே கட்டுவோம். கட்டக் கட்டத்தான் துக்கம் நையும். நீங்க அதை எடுத்து எங்க மேல போத்திட்டீங்களே.”

திட்டவில்லை. திட்டியிருந்தால் மலர்க்கொடி பதிலுக்கு ஏதாவது பேசி, அழுது, சமாதானமாகியிருப்பாள். ஒவ்வொருத்தியாக உள்ளே போய், தீக்குப் பயந்து ஓடிவந்தபோது கட்டியிருந்த பழைய சேலைகளை உடுத்திக்கொண்டு வந்தார்கள். அவள் கொடுத்ததை நன்றாக மடித்து, அவள் தைத்த ஜாக்கெட்டை அதன்மேல் வைத்து, மிஷின் பக்கத்தில் அடுக்கினார்கள்.

கிளிப்பச்சைப் புடவையை அவள் நீட்டினாள். “இது இன்னைக்குக் கடையில எடுத்தது, செல்லாயி. பில்லு இருக்கு, பாரு. சத்தியமா.”

செல்லாயி அதைத் தொடவில்லை. “நம்புறேங்க்கா. ஆனா கட்டும்போதெல்லாம் மனசுல ஒரு கேள்வி வரும். கல்யாணச் சேலையில கேள்வி இருக்கலாமா?”

பில்லை நீட்டிய கையை எங்கே வைப்பதென்று மலர்க்கொடிக்குத் தெரியவில்லை. அத்தனை பேர் முன்னால், ஒரு பட்டுப் புடவையைக் கொடுக்கக்கூடத் தகுதி இல்லாதவளாக நின்றாள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று சும்மா சொல்கிறார்களா?

பானுப்ரியா ஓடிவந்தபோது கட்டியிருந்த ரோஸ் நிறச் சேலையையே துவைத்துக் காயப்போட்டார்கள். தீப்பொறி பட்டு அங்கங்கே பொத்தல். கொடியில் அது ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்த மலர்க்கொடி, கடைசியில் எழுந்து போய்ச் செல்லாயியிடம் கேட்டாள். “பொத்தலையாவது தைச்சுக் குடுக்கட்டுமா? நூலும் ஊசியும்தான். அது என் தொழில்ல சம்பாதிச்சது. வேற எதுவும் இல்ல.”

செல்லாயி கொடியிலிருந்து சேலையை எடுத்து நீட்டினாள். “தைச்சுக் குடுங்க” என்றாள்.

மிஷினில் வேண்டாம் என்று கையாலேயே இழை ஓட்டினாள். சேலையிலிருந்தே நூலை உருவி, ஒவ்வொரு பொத்தலாக அடைத்தாள். எவ்வளவு அலசியும் புகை வாசனை போகவில்லை. மகாராணிக்குக்கூட அவள் இவ்வளவு கவனமாகத் தைத்திருக்க மாட்டாள். ஆனால் யாரும் பாராட்டவில்லை. பாராட்டிவிடக் கூடாதே என்றுதான் அவளும் பயந்துகொண்டிருந்தாள்.

கல்யாணத்தில் கடைசி வரிசைக்கும் பின்னால், செருப்பு விடுகிற இடத்தருகே நின்றாள். யாரும் அவளை அங்கே நிறுத்தவில்லை, அவளாகப் போய் நின்றாள். செல்லாயிதான் மகளுக்குச் சேலையை எடுத்துக் கொடுத்தாள். தாலி ஏறியது. அப்படியே வேனில் ஏறிவிடலாம் என்று மலர்க்கொடி திரும்பியபோது செல்லாயி வந்து கையைப் பிடித்தாள்.

“சாப்பிடாம போவக் கூடாதுங்க்கா. எங்க ஊட்டுக் கல்யாணம்.”

இலை போட்டுத் தானே பரிமாறினாள். வீடு எரிந்தவள் வீட்டுச் சாப்பாடு. மலர்க்கொடியின் கண்ணீர் இலையில் விழுந்தது, சோற்றோடு பிசைந்து சாப்பிட்டாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

ஸ்ரீரங்கம் திரும்பிய மறுநாள் அந்த அரக்குப் புடவையை வெட்டுப்பலகையில் விரித்தாள். தன்னைத் தானே அளவெடுக்க முடியாதே, அனுசுயாவைக் கூப்பிட்டாள். அனுசுயா ஒன்றும் கேட்காமல் டேப்பை வாங்கி அம்மாவின் முதுகில் வைத்து அளந்தாள். ரெண்டு வருஷத்தில் ரொம்ப இளைத்திருந்தாள் மலர்க்கொடி. கத்திரிக்கோல் இந்தத் தடவை மக்கர் பண்ணவில்லை.

ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருக்கும்போது ரெங்கம்மாள் உள்ளே வந்தாள். பலகைமேல் கிடந்த புடவையைப் பார்த்ததும் முகம் மாறிப்போனது.

“இதை ஏன் திருப்பிக் கொண்டுவந்தே?”

“இது கோடிக்கா. அவர் செத்ததுக்குப் போட்டது. தெரிஞ்சே குடுத்தேன். ஒரு பொண்ணு கல்யாணத்துக்குக் கட்டப் பாத்தா.”

ரெங்கம்மாள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “அது எனக்குத் தெரியாதா மலரு? அன்னைக்கு மடிச்சு வச்சதே நான்தானே. மூட்டையில பாத்ததுமே கண்டுபிடிச்சுட்டேன். மலைக்காரங்களுக்குத்தானே போகுது, அவங்களுக்கு என்ன தெரியப்போகுதுன்னு நானும் பேசாம இருந்துட்டேன். அதைப் போய் ஏண்டி சொல்லித் தொலைச்சே?”

பீரோ முன்னால் நின்றபோது தன் மனசுக்குள் ஓடிய அதே வார்த்தைகள். இன்னொரு வாயிலிருந்து கேட்கும்போது எப்படி இருக்கின்றன! மலர்க்கொடிக்கு உடம்பெல்லாம் கூசியது. ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“மலைக்காரங்கன்னு சொல்லாதீங்கக்கா. அவ பேரு செல்லாயி. பொண்ணு பேரு பானுப்ரியா” என்றாள். புடவையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கொக்கி வைக்க ஆரம்பித்தாள்.